கும்கி கடக்கும் இடம்

கூடத்து மூலையில் ஒரு சப்-ஊஃபர், சுவரோரம் இரண்டு சின்னப் பெட்டி. எங்கள் பக்கத்தில் பாட்டுக் கேட்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. சினிமாப் பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. கச்சேரி போட்டால்தான் வம்பு. மிருதங்கக்காரர் இடப்பக்கத் தொப்பியில் கும்கி இழுக்கிறார். உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்திக்கொண்டே நகர, நாதம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறுகிறது. ஏறும் வழியில் ஓரிடத்தில் அது மூலையை விட்டுச் சுவருக்குக் குடிபெயர்கிறது. ஒரே கை, ஒரே தொப்பி. ஆனால் ஆரம்பம் ஒரு பெட்டியில், முடிவு இன்னொரு பெட்டியில். மாறுகிற அந்த இடத்தில் நாதம் இளைத்தும் போகிறது.

ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடிவதில்லை. நல்ல தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும். நான் தாளத்தை விட்டுவிட்டு, கும்கி எப்போது தாவும் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

*

பங்கு பிரிக்கும் வேலை கிராஸ்ஓவருடையது. தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் அது அனுப்புகிறது. கடையில் வாங்கும் பெட்டிகளில் இந்த வேலை ஆம்புக்குப் பிறகு நடக்கிறது. ஆம்ப் முழுப் பலத்தோடு கொண்டுவந்து கொட்டியதை, பெட்டிக்குள்ளே இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் பிரித்துக் கொடுக்கின்றன. ஆக்டிவ் கிராஸ்ஓவர் ஆம்புக்கு முன்னாலேயே, சிக்னல் ஒரு வோல்ட் அளவில் மெலிந்திருக்கும்போதே பிரித்துவிடும். அதன்பின் ஊஃபருக்குத் தனி ஆம்ப், மேலே உள்ளதற்குத் தனி ஆம்ப்.

இரண்டு ஆம்பா என்று கேட்பவர்களிடம் நான் கணக்கைத்தான் காட்டுவேன். 8 ஓம் ஸ்பீக்கரை 300 ஹெர்ட்ஸில், இருப்பதிலேயே எளிய முறையில் வெட்ட வேண்டுமென்றால்கூட, பெட்டிக்குள் சுமார் 4.2 மில்லிஹென்றி காயிலும் 66 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும். அந்தக் காயிலைத் தடித்த செம்புக் கம்பியில் சுற்றினால் கை கொள்ளாது, விலையும் கட்டாது. மெல்லிய கம்பியில் சுற்றினால் அதன் தடையே ஊஃபரின் பிடியைத் தளர்த்திவிடும். அடித்த அடி நிற்காமல் கொழகொழக்கும். இதே 300 ஹெர்ட்ஸை ஆம்புக்கு முன்னால் வெட்ட 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 53 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும். இரண்டு கெப்பாசிட்டருக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இது சுண்டுவிரல் நகத்தளவு, சில ரூபாய்.

இன்னொன்று. 8 ஓம் என்று முதுகில் எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம் காட்டுவதில்லை. ஓரிடத்தில் முப்பதுக்கு ஏறும், இன்னோரிடத்தில் ஆறுக்கு இறங்கும். காயிலுக்குப் போட்ட கணக்கெல்லாம் அதோடு ஆடும். ஆம்புக்கு முன்னால் வெட்டும்போது இந்த ஆட்டம் கணக்குக்குள் வருவதே இல்லை.

அதனால்தான் கடைப் பெட்டிகள் பெரும்பாலும் 2,500, 3,000 ஹெர்ட்ஸில் வெட்டுகின்றன. அங்கே காயில் சின்னது. காதும் அங்கேதான் அதிகக் கூர்மை என்பது வேறு விஷயம்.

*

என்னிடம் இருப்பது திருவிழாவில் ஓடிக் களைத்த ஒரு ரேக் பெட்டி. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இப்போது டிஜிட்டல் புராசஸருக்குப் போய்விட்டார்கள். குமிழ் வைத்த பழைய கிராஸ்ஓவர்கள் கொட்டகையில் தூங்குகின்றன. டிபிஎக்ஸ் 223 மாதிரியான பெட்டிகளில் முன்பக்கம் எல்லாம் வெளிப்படை: உள்ளே வருவதற்கு ஒரு குமிழ், வெட்டும் இடத்துக்கு ஒன்று, கீழ்ப் பங்குக்கு ஒன்று, மேல் பங்குக்கு ஒன்று. வெட்டும் குமிழ் 45இலிருந்து 960 ஹெர்ட்ஸ் வரை போகும். பின்பக்கப் பொத்தானை அமுக்கினால் பத்தால் பெருகி 450இலிருந்து 9,600 ஆகிவிடும்.

"வீட்டுக்கு எதுக்குத் தம்பி இது?" என்று கேட்டார் அதை எடுத்துக் கொடுத்த அண்ணன்.

"ஓடுதாண்ணே?"

"ஓடாம என்ன. குமிழைத் திருப்பினா கரகரன்னும். கொஞ்சம் ஸ்ப்ரே அடிச்சுக்க."

உள்ளே கரப்பான் முட்டையும் வைக்கோல் தூசியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் சாதாரண ஆப்-ஆம்ப் ஐசிகள், வரிசையாகச் சின்னக் கெப்பாசிட்டர்கள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ரகசியம் ஒன்றும் இல்லை. இதே வேலையைச் செய்யும் வெறும் போர்டு, 5532 ஐசி போட்டது, சில நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்; டப்பாவும் பவர் சப்ளையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் வெட்டும் இடம் ரெசிஸ்டரால் நிலைத்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். காதுக்குப் பாடம் கற்றுக்கொடுப்பது குமிழ்தான். பாட்டு ஓடும்போதே திருப்பிப் பார்க்கலாம்.

*

ஆடியில் கல்லணைப் பக்கம் போனபோது உவமை தானாக வந்து நின்றது. காவிரி, வெண்ணாறு, 1934இல் வெட்டிய புது ஆறு; மிஞ்சினால் கொள்ளிடம். வரும் நீரை ஷட்டர் ஏற்றி இறக்கிப் பிரிக்கிறார்கள். கிராஸ்ஓவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

கொஞ்சம் நின்று யோசித்தால் ஒட்டவில்லை. வெண்ணாற்றில் போவதும் காவிரியில் போவதும் ஒரே தண்ணீர்; அளவுதான் பங்கு. கிராஸ்ஓவர் அளவைப் பிரிப்பதில்லை, சாதியைப் பிரிக்கிறது. போதாததற்கு, பிரிந்த ஆறுகள் மறுபடி சேர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தனித்தனியாகப் போய்க் கடலில் விழட்டும். இங்கே பிரிந்த இரண்டும் ஆறேழு அடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் காதில், பிரியவே இல்லை என்பதுபோல் வந்து சேர வேண்டும். உவமையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

*

சேர்வதைப் பற்றி யோசித்தவர்கள் இரண்டு பேர். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி. இருவரும் கலிஃபோர்னியாவில் ஹ்யூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் அளவைக் கருவிகள் செய்த பொறியாளர்கள். ஸ்பீக்கர் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. 1976இல் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரை, ஓரிடத்தில் இல்லாத இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஆக்டிவ் கிராஸ்ஓவர் எப்படி அமைப்பது என்பதைப் பற்றியது. தலைப்பிலேயே அந்த 'ஓரிடத்தில் இல்லாத' என்பது இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. ஊஃபரும் ட்வீட்டரும் ஒரே இடத்தில் உட்கார முடியாது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்.

அதற்கு முன் வழக்கத்தில் இருந்த பட்டர்வொர்த் முறைகளில் வெட்டும் புள்ளியில் இரண்டு பக்கமும் 0.7 பங்கு தரும். ஒரே கட்டத்தில், மேடும் மேடும் சேர வந்து கூடினால் 1.4, அந்த இடத்தில் மட்டும் பாட்டு வீங்கும். கட்டம் விலகி வந்தால், ஒலி நேரே நம்மை நோக்கி வராமல் மேலேயோ கீழேயோ சாய்ந்துவிடும். லிங்க்விட்ஸ்-ரைலி முறையில் வெட்டும் புள்ளியில் இரண்டும் பாதிப் பாதி. ஒரே கட்டத்தில் இருப்பதால் அரையும் அரையும் ஒன்று.

அந்தப் புள்ளியில் மட்டும் இல்லை. ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவுள்ள வகையில், 300இல் வெட்டினால் 600 ஹெர்ட்ஸில் ஊஃபர் தருவது 17இல் ஒரு பங்கு, மேல் ஸ்பீக்கர் தருவது 17இல் 16 பங்கு. 150இல் அப்படியே தலைகீழ். எந்த இடத்தில் நின்று கூட்டினாலும் ஒன்றுதான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, பாட்டு எதுவும் போடாமலே மனசு நிறைந்திருந்தது.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. விலையில் கடைசிப் படியில் இருக்கும் கிராஸ்ஓவர்கள் பலவற்றிலும் இதே சரிவுதான். கணக்கு ஒன்றுதான் என்பதால் விலை ஏறினாலும் அரையும் அரையும் ஒன்றைவிட அதிகம் ஆவதில்லை. விலைக்குத் தக்கபடி மாறுவது இரைச்சல், குமிழின் நேர்த்தி, டப்பாவின் கனம்.

*

குமிழின் நேர்த்தி என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் 300 என்று அச்சடித்த இடமும் வலப்பக்கம் 300 என்று அச்சடித்த இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் வால்யூம் கன்ட்ரோல்களில் இருபது சதவீதம் வரை ஏறுமாறு இருப்பது சகஜம். இடது 300இல் வெட்டி வலது 350இல் வெட்டினால், பாடகர் சில ஸ்வரங்களில் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்.

சரிசெய்ய வழி எளிது. கைபேசியில் சீரான ஒரே ஸ்வரம் எழுப்பும் செயலி கிடைக்கும். 300 ஹெர்ட்ஸ் வைத்துப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். மேல் குமிழும் கீழ்க் குமிழும் சரிசமமாக இருக்கட்டும். மீட்டரைக் கீழ் வெளியீட்டில் வை, எழுதிக்கொள். மேல் வெளியீட்டில் வை, எழுதிக்கொள். வெட்டும் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இரண்டிலும் ஒரே வோல்ட் வரும் இடத்தில் நிறுத்து. அதுதான் உண்மையான 300. அச்சு என்ன சொன்னாலும் சரி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த பக்கத்துக்கும் அப்படியே.

மீட்டரில் ஏசி 2 வோல்ட் ரேஞ்ச் இருக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் கிடக்கும் அந்த மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வழியில்லை, இதற்கு ஆகாது. மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ஏசி வோல்ட்டைத் தப்பாகச் சொல்லத் தொடங்கும். 300இல் வெட்டுகிறவனுக்கு அந்தக் கவலையும் இல்லை.

*

மிருதங்கத்தைப் பற்றி இரண்டு வரி எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் ஆகிறது.

தோல் வாத்தியங்களில் மேல் ஸ்வரங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிதறும். பறைக்கும் டிரம்முக்கும் குறிப்பிட்ட சுருதி என்று ஒன்று கேட்காததற்குக் காரணம் அது. மிருதங்கமும் தபலாவும் எப்படிச் சுருதியோடு பேசுகின்றன என்பதை சி.வி. ராமன் ஆராய்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். திருவானைக்காவலில் பிறந்தவர். வலந்தலையின் நடுவில் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கருஞ்சோறு, தோலின் கனத்தை மாற்றி, மேல் ஸ்வரங்களை அடி ஸ்வரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று முழு எண்ணில் நிறுத்துகிறது. இயற்பியல் படிக்காத கைகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்டுபிடித்த ஏற்பாடு.

அந்தக் கைகளைப் பற்றித் தஞ்சாவூரில் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியாது. பாலக்காடு மணி ஐயர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பாடம் கேட்டவர். மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்தவர் பர்லாந்து. தஞ்சாவூரில் வேரூன்றிய கிறித்தவத் தலித் குடும்பம். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தே நாதத்தைச் சொல்லும் பரம்பரை அது. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மணி ஐயரோ ஒலிபெருக்கி என்றாலே முகம் சுளித்தவர். மைக் வழியாகப் போனால் தான் வாசிப்பது வேறொன்றாகிவிடுகிறது என்பது அவர் கட்சியாக இருந்திருக்க வேண்டும். அவர் வாசித்ததை இன்று ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்கக் கிடைத்த நான், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் குமிழைத் திருப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வலந்தலையில் விழும் ஒரே ஓர் அடியில் அடி ஸ்வரமும் அதன் மடங்குகளும் சேர்ந்து புறப்படுகின்றன. கிராஸ்ஓவர் அந்த ஒற்றை அடியை இரண்டாகக் கீறி, கீழ்ப் பாதியை ஒரு பேப்பர் கோனுக்கும் மேல் பாதியை இன்னொன்றுக்கும் கொடுக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அடி. முன்பின்னாக வந்தால் அட்டைப் பெட்டியைத் தட்டிய சத்தம்.

*

நேரம் என்றால் தூரம். ஐப்பசி முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தேன். மழைக்கு வெளியே போகவும் வழியில்லை.

நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. கும்கி பெட்டி மாறும் இடமான 120 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 2.9 மீட்டர். என் நாற்காலியிலிருந்து சுவரோரப் பெட்டிகள் 2 மீட்டர். மூலையில் இருந்த சப்-ஊஃபர் 3.5 மீட்டர். வித்தியாசம் ஒன்றரை மீட்டர், அதாவது அலையில் சரிபாதி. இங்கிருந்து வரும் அலை மேடாக இருக்கும்போது அங்கிருந்து வருவது பள்ளம். கும்கி இளைத்த இடம் இதுதான். வெட்டும் இடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்; பிரச்சினை நடைதூரத்தில் இருந்தது.

சப்-ஊஃபரின் முதுகில் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டினால் மேடு பள்ளம் இடம் மாறும். அந்த ஒரு நாற்காலிக்கு, அந்த ஒரு ஸ்வரத்துக்குச் சரியாகும். கும்கி ஒரு ஸ்வரம் இல்லையே, வழுக்கல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காது வேறு கணக்கில் இருக்கும். அதோடு, இந்த மாதிரிச் சின்ன செட்டுகளில் சப்-ஊஃபரின் சரிவு மொண்ணை; 200, 250 ஹெர்ட்ஸ் வரை கசியும். அந்த உயரத்தில் காது திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. மூலை என்று தெரிந்துபோவது அதனால்தான்.

சரி, மற்ற எல்லைக்குப் போவோம். சாதாரணப் பெட்டி 3,000 ஹெர்ட்ஸில் வெட்டுகிறது. அங்கே அலை நீளம் 12 சென்டிமீட்டர்கூட இல்லை. 8 அங்குல ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு நாதம், சாய்ந்தால் வேறொன்று. வயலின்காரர் கமகம் பிடிக்கும்போது நான் தலையாட்டினால் வில்லே மாறுவதுபோல் இருக்கும்.

நடுவில் 300இல் அலை நீளம் 1.17 மீட்டர். 8 அங்குல ஊஃபரும் அதன் தலைமேல் 4 அங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் ஒட்டினாற்போல் இருந்தால், நடுவே 18 சென்டிமீட்டர்தான். அலைக்கு அது பொருட்டே இல்லை. கும்கி முழுக்க அடியிலிருந்து முடிவுவரை ஊஃபரிலேயே நடந்துவிடும். குரலின் நுட்பம், வயலின், தம்புராவின் ரீங்காரம் முழுக்க மேல் ஸ்பீக்கரில். அந்தக் காலத்துச் சினிமா தியேட்டர் திரைக்குப் பின்னால் நின்ற ஆல்டெக் பெட்டிகளிலும் 500 ஹெர்ட்ஸில் வெட்டியவை உண்டு. குரல் நடுவே தையல் விழக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

குரலுக்கு ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. ஒரு கட்டையில் பாடுகிறவரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 262. அதைத் தாண்டிக் காந்தாரத்தில் கால் வைத்ததும் 300ஐக் கடந்துவிடுகிறார். ஆக, குரல் நாளெல்லாம் இந்தத் தையலின் மேலேயே நடமாடுகிறது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் 1976ஆம் ஆண்டுக் கணக்கின் வேலை.

அப்படியே பெட்டி செய்து, சப்-ஊஃபரை மூலையிலிருந்து எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது விதைநெல் குதிர்.

*

ஒரு விஷயம் விளங்காமல் இருந்தது. சின்ன வயதில் கோயில் விழாவில், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் எத்தனை கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்தக் குழாய் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. அதாவது நாங்கள் கேட்ட மிருதங்கத்தில் தொப்பியின் அடி நாதமே கிடையாது. அப்படியும் தொப்பி கேட்டதாகத்தான் நினைவு.

நினைவு பொய் சொல்லவில்லை. அடி ஸ்வரம் இல்லாமல் அதன் மடங்குகள் மட்டும் வந்தாலும், மூளை விட்டுப்போன அடியைத் தானே நிரப்பிக்கொள்ளும். தொலைபேசியில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பதும் இதனால்தான். குழாய் ஸ்பீக்கர் கொடுத்தது பாதி. மீதியை நாங்கள் போட்டுக்கொண்டோம். இப்போது ஊஃபர் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. நிரப்புவதற்கு எனக்கு வேலை இல்லை. இது லாபம்தானா என்று சில ராத்திரிகளில் தோன்றும்.

*

மேல் ஸ்பீக்கருக்குப் போட்டிருப்பது 4440 ஐசி. தமிழ்நாட்டில் சால்டரிங் அயர்னைத் தொட்டவர்கள் பலருக்கும் முதல் ஆம்ப் இதுதான். கார் ஸ்டீரியோவுக்காக சான்யோ செய்த ஐசி, பக்கத்துக்கு 6 வாட். இதைக் கேலி செய்யாத ஆடியோக்காரர் இல்லை. கேலிக்குக் காரணம் பேஸ் ஏற்றினால் அது திணறிக் குரலையும் சேர்த்துக் கிழித்துவிடும் என்பது. ஆனால் 300க்குக் கீழே இருக்கும் சுமையை இறக்கிவைத்துவிட்டால் அதே 6 வாட் என்ன தெளிவாகப் பாடுகிறது! தொப்பி எவ்வளவு பலமாக விழுந்தாலும் பாடகர் குரலில் சின்ன நடுக்கம்கூட வராது. சுமை தூக்குகிறது வேறொரு ஐசி, 7294. அது தனியாகத் திணறிக்கொள்ளட்டும். ஊஃபர் தன் திணறலை அவ்வளவு சுலபத்தில் வெளியே காட்டாது.

ஆக்டிவ் கிராஸ்ஓவரின் நிஜமான சிக்கனம் இதில்தான் இருக்கிறது. கிராஸ்ஓவர் மலிவு என்பது சின்ன விஷயம். அது வந்தபின் மற்ற சாமானும் மலிவாகவே இருக்கலாம் என்பது பெரிய விஷயம்.

ஜாக்கிரதை ஒன்று. பெட்டிக்குள் கெப்பாசிட்டர் இல்லாததால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காவல் யாரும் இல்லை. ஆம்ப் கெட்டு டிசி வந்தால் நேரே ஸ்பீக்கரின் காயிலைக் கருக்கிவிடும். 4440 ஸ்டீரியோ போர்டில் ஸ்பீக்கருக்கு முன்னால் 1,000 மைக்ரோஃபாரட் ஒன்று நிற்பதால் அந்தப் பக்கம் தப்பித்தது. 7294க்கு அது கிடையாது. தனியாக ஒரு ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு வைத்தேன். பிறகு வரிசை: போடும்போது பாட்டுப் பெட்டி, கிராஸ்ஓவர், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இந்த வரிசையை மின்வாரியம் பார்க்கப் போவதில்லை என்பதால், கரண்ட் வந்தாலும் கையால் அமுக்கினால்தான் ஓடும்படி ஒரு ரிலே.

கம்பி வேலையில் ஓர் இடறல் உண்டு. ரேக் பெட்டியின் பின்னால் இருப்பது மூன்று கால் எக்ஸ்எல்ஆர். வீட்டுச் சாமானில் இருப்பது ஆர்சிஏ. உள்ளே போகும் கம்பியில் இரண்டாவது காலுக்குச் சிக்னல், ஒன்றையும் மூன்றையும் சேர்த்துக் கவசக் கம்பியோடு. ஆம்புகள் இரண்டும் கிராஸ்ஓவரும் ஒரே பிளக் பெட்டியில், ஒரே எர்த்தில். இதை மாற்றி மாற்றிச் செருகினால் ஹம் வந்து தம்புராவோடு போட்டி போடும். அதுவும் 50 ஹெர்ட்ஸ் எந்தச் சுருதியிலும் சேராத அபஸ்வரம்.

*

முற்றம் உள்ள வீடு. சிவப்பு ஆக்சைடு தரை ஒலியைத் திருப்பி அடிக்கும்; பாய் விரித்தால் கொஞ்சம் அடங்கும். முற்றத்துப் பக்கம் போன ஒலி திரும்பி வருவதே இல்லை. திறந்த வானத்தைவிட நல்ல ஒலி உறிஞ்சி உலகத்தில் கிடையாது. பட்டணத்து அறைகளில் பேஸ் தேங்கிக் குமுறும் என்கிறார்கள். இங்கே தேங்க வழியில்லை. அதனால் ஊஃபருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மழை நாளில் தாழ்வாரத்துத் தகரத்தில் விழும் சத்தத்துக்கு எந்தக் குமிழும் இல்லை.

*

தை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, பகுள பஞ்சமி. நேரில் போகாத வருஷங்களில் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒரே வரியில். மத்திய அலையில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் கரகரப்பு வேறு. பளபளப்பு எதுவும் இல்லாத ஒலி. ஆனால் மிருதங்கங்களின் தொப்பி முழுசாக வந்து விழுகிறது. ஒரே சமயத்தில் பல மிருதங்கம் வாசிக்கும்போது அவை ஒன்றுக்கொன்று இம்மி முன்பின்னாக இருப்பது, ஓர் அடிக்குக் கொஞ்சம் அகலம் கொடுக்கிறது. ஸ்பீக்கர்களை இம்மி பிசகாமல் சேர்க்க ஐப்பசி முழுக்க உட்கார்ந்திருந்தவனுக்கு, காவிரிக் கரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அதைப் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டு போவது சிரிப்பாகவும் இருந்தது.

*

பெட்டி கொடுத்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அறுப்பு முடிந்தபின் ஒருநாள் வந்தார். கச்சேரி போட்டேன். கண்ணை மூடி ஐந்து நிமிஷம் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. பேஸ் பத்தல தம்பி."

இளையராஜா போடச் சொன்னார். பேஸ் கிட்டார் நடக்கத் தொடங்கியதும் எழுந்துபோய், யாரையும் கேட்காமல், கீழ்க் குமிழை ஏற்றினார். வெட்டும் குமிழை 300இலிருந்து 200 பக்கமாக இறக்கினார். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே இருட்டில் திருப்பிப் பழகிய விரல்கள். அச்சைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அது இப்போது தரை வழியாகக் காலுக்கு வந்தது.

அவர் போனபின் மீட்டரை எடுத்து, அவர் நிறுத்திய இடத்தை இரண்டு பக்கமும் அளந்தேன். இடது 210, வலது 215. முகப்பில் அந்த இடத்திலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'சினிமா' என்று எழுதிவைத்தேன். கும்கிக்கு அது ஆகுமா என்று இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. மேல் ஸ்பீக்கர் 4 அங்குலம்தான், 200 வரை இறங்கச் சொன்னால் சத்தம் ஏற்றும்போது தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.